பிராகில் பின்னந்தலை: குடும்பச் சுற்றுலாவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரையோடு தொடங்குவது மரபு. ‘இத்துறையில் இதுவரை ஆய்வேதும் நிகழ்ந்திலது’ என்று அம்முன்னுரையில் எழுதுவது அதனினும் பழைய மரபு. செக் நாட்டுத் தலைநகரான பிராகில் ஆய்வாளர் கால்படாத மூலை கிடையாது. கோபுரம், கூரை, கதவுக் கைப்பிடி வரை எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு குடும்பம் அந்நகரைச் சுற்றிப் பார்க்கப் போனால், நாள் முழுக்க அதன் கண்ணில் படுவது எது என்று ஒருவரும் கேட்டாரில்லை. பின்னந்தலை என்பதே இவ்வாய்வின் கருதுகோள். பிள்ளைகள் தகப்பனின் பின்னந்தலையைப் பார்க்கிறார்கள். தகப்பன் கூட்டத்தின் பின்னந்தலைகளைப் பார்க்கிறார். கோட்டையும் பாலமும் அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் தெரிவன என்க.

ஆய்வு எல்லை: பழைய நகரச் சதுக்கம் முதல் சார்லஸ் பாலம் வழியாகக் கோட்டை வரை. போகேமிய அரசர்கள் முடிசூடப் போன இப்பாதையில் இன்று ஐஸ்கிரீமோடு போகிறார்கள். மாதிரி அளவு: ஒரு குடும்பம். அறிவியலுக்கு இது போதாது, கருத்தரங்குக்குப் போதும். தகவலாளர்கள்: தகப்பன், தாய், பாட்டி, பதின்ம வயது மகள், தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை. தகவலாளர் நலன் கருதிப் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. பெயர் கேட்கும் அளவுக்கு அவர்கள் ஓரிடத்தில் நிற்கவுமில்லை. அவர்கள் பேசிய மொழி ஆய்வாளருக்குத் தெரியாது. அதனால் ஆய்வுக்கு ஊறில்லை. பிராகிருதம் அறியாமலே பிராகிருதக் கடன்சொற்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதியோர் நம்மிடையே உளர். இக்கட்டுரை பெருமூச்சுகளையே முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. பெருமூச்சுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

இனி வகைப்பாடு.

தள்ளுவண்டி: கல் பாவிய தெருவில் இது உருளுவதில்லை, குதிக்கிறது.

கழிப்பறை: காசு கேட்கிறார்கள்.

தகப்பன்: இவர் முன்னே நடக்கிறார். ஏன் முன்னே நடக்கிறார் என்பதில் இரு கொள்கைகள் உண்டு. வழி தெரிந்ததால் முன்னே போகிறார் என்பது பழங்கொள்கை. தகப்பன்மாரிடையே மட்டும் வழங்குவது. வழி தெரியாதது முகத்தில் தெரிந்துவிடும் என்பதால் முன்னே போகிறார் என்பது பிற்காலக் கொள்கை. இதனைத் தாய்மார் அனைவரும் ஏற்பர் (தாய், புருவம் உயர்த்தியது, சதுக்கத்தின் கிழக்கு முனை). பிந்தையதே வலுவுடைத்து. முகம் காட்டிக்கொடுக்கும், பின்னந்தலைக்கு அந்தத் திறமை இல்லை. முழுக்க இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வலக்கை மேலே போய் ஒருமுறை சொறிந்தால் ஐயம். இருமுறை சொறிந்தால் தெரு தவறியாயிற்று. கை அங்கேயே தங்கிவிட்டால் வந்த வழியே திரும்பியாக வேண்டும். ஆயினும் தகப்பன் உடனே திரும்பமாட்டார், அருகிலுள்ள ஏதாவது ஒரு கட்டடத்தை அண்ணாந்து பார்த்து அதைத் தேடித்தான் வந்ததுபோல் நிற்பார். ‘வழுவமைதி’ என்று இலக்கணிகள் சொல்வது இதற்கும் பொருந்தும்.

பின்னந்தலைகள் அதிகம் கூடுமிடம் பழைய நகர மண்டபத்து வானியல் கடிகாரம். 1410-ஐச் சேர்ந்தது. ஹனூஷ் என்னும் வல்லுநர் செய்தார், இன்னோர் ஊருக்கும் செய்துகொடுத்துவிடக் கூடாதென்று நகர மன்றத்தார் அவர் கண்ணைக் குருடாக்கினர் என்பது கதை. நூற்றாண்டுக் கணக்கில் அறிஞர்களும் ஹனூஷையே கொண்டாடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் 1410-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று கிடைத்தது. செய்தவர் கடான் ஊர் மிக்குலாஷ். வானியல் கணக்குக்குத் துணைநின்றவர் யான் ஷிண்டல் என்று கருதப்படுகிறது. ஆள் மாறிச் சால்வை போர்த்துவது நம் விழாக்களில் மட்டும் நடப்பதன்று என்பது ஆறுதல்.

இக்கடிகாரம் சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று காட்டும். நிலவின் பிறையைக் காட்டும். சூரியன் மறைவதிலிருந்து மணி எண்ணும் பழைய செக் முறையையும் வெளிவட்டத்தில் காட்டும். ஆகவே மணி என்னவென்று அறிய அதனடியில் நிற்கும் அனைவரும் போனைப் பார்க்கின்றனர். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரு ஜன்னல்கள் திறக்கும், பன்னிரு அப்போஸ்தலர்களும் வரிசையாகக் கடந்துபோவார்கள், கடைசியில் சேவல் கூவும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்காகக் குடும்பம் வெகுநேரம் காத்து நிற்கிறது. காத்திருப்பின் முதற்பகுதியில் மகள் சலித்துக்கொள்கிறாள். நடுப்பகுதியில் குழந்தை அழுகிறது. இறுதிப்பகுதியில் உயரமான ஒருவர் வந்து முன்னால் நிற்கிறார். இந்த உயரமானவர் எல்லாக் கூட்டத்திலும் வருகிறார். அவர் ஒரே ஆளா, ஒரு மரபா என்பது முடிவாகவில்லை.

தகப்பன் போனைத் தலைக்குமேல் உயர்த்திப் படம் பிடிக்கிறார். அப்படத்தை ஆய்வாளர் பின்புறமிருந்து, அதாவது தகப்பனின் பின்னந்தலைக்குப் பின்னாலிருந்து, நுணுகிக் கண்டார். அதில் பதிவானவை: ஒரு வழுக்கை, ஒரு வைக்கோல் தொப்பி, தோள்மேல் அமர்ந்த யாரோ ஒரு சிறுவனின் பிடரிச் சுருள், உயர்ந்த போன்கள் பல, அவற்றுள் ஒரு போனின் திரையில் மிகச் சிறிதாக ஓர் அப்போஸ்தலர். அவரும் பேதுருவா பவுலா என்று தெளியவில்லை. பேதுரு என்பது என் துணிபு. கையில் ஏதோ சாவிபோல் தெரிந்தது. இது வைக்கோல் தொப்பியின் நாரே என மறுப்பாரும் உளர் (பாட்டி, பெருமூச்சு, முதலாவது, மேலது, இரண்டாவது, சற்று நீண்டது).

ஊன்றிப் பார்த்தால், அச்சதுக்கத்தில் மக்களின் முகங்களைப் பார்க்கும் வாய்ப்புப் பெற்றோர் அந்தப் பன்னிருவர் மட்டுமே. அவர்களுக்கும் முகம் கிடைப்பதில்லை. போன்களின் முதுகுதான் கிடைக்கிறது.

இங்கிருந்து பாலத்துக்குப் போகவேண்டிய குடும்பம் தெற்கே போயிற்று. கை பின்னந்தலையில் தங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்த இடத்தில், தெய்வாதீனமாக, ஒரு வணிக வளாகத்தின் பின்புறம் காஃப்காவின் தலை இருந்தது. சிற்பி டேவிட் செர்னி செய்தது, 2014-இல் நிறுவப்பட்டது. துருப்பிடிக்காத எஃகில் 42 அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியே சுழலும். மூக்கு ஒருபுறம் போகும், தாடை மறுபுறம் போகும், சிறிது நேரத்தில் எல்லாம் கூடி மறுபடி காஃப்கா ஆகிவிடும். இத்தலை ஆய்வு எல்லைக்குப் புறத்தே உள்ளது என்பதறிவேன். எல்லை என்பது நெறியாளர் கேட்கும் வரைதான். நிலையான பின்னந்தலை என ஒன்று இல்லாத தலை பிராகில் இது ஒன்றே. நம் கருதுகோளை உடைக்கக்கூடிய ஒரே சான்று. ஆகவே அடுத்த பத்திக்குச் செல்வோம்.

சார்லஸ் பாலம் 516 மீட்டர் நீளம், 30 சிலைத் தொகுதிகள். 1357-ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று காலை 5 மணி 31 நிமிடத்துக்கு நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டினார் என்பார்கள். ஆண்டு, நாள், மாதம், மணி, நிமிடம் என அடுக்கினால் 1, 3, 5, 7, 9, 7, 5, 3, 1 என ஏறி இறங்கும். கல் நாட்டிய காலத்துக் கடிகாரத்தில் நிமிட முள்ளே கிடையாது. நிமிடம் பிற்கால ஆய்வாளரின் கணிப்பு. நூலாசிரியன் பிறந்த நட்சத்திரத்தை நூலின் எதுகையிலிருந்து கண்டுபிடிக்கும் நம் பேரறிஞர்களுக்கு இது வியப்பளிக்காது.

பாலத்துச் சாந்தில் முட்டை கலந்தார்கள் என்றொரு வழக்கும் உண்டு. நாடெங்கும் முட்டை கேட்கப்பட்டதாம். வெல்வரி ஊரார், வழியில் உடைந்துவிடுமே என்று அவித்து அனுப்பினார்களாம். கதையென்று விடவில்லை அறிஞர்கள். சாந்தைப் பெயர்த்து ஆய்வுக்கூடத்தில் முட்டை தேடினார்கள். உண்டு என்றும் இல்லை என்றும் முடிவுகள் வந்தன. அவித்ததா பச்சையா என்று பிரித்து யாரும் சோதிக்கவில்லை என்பது பெருங்குறை.

பாலத்துச் சிலைகளைப் பற்றி ஒரு பேருண்மை இதுவரை கவனம் பெறாமல் கிடக்கிறது. அவை கைப்பிடிச் சுவர்மேல் நடைபாதையைப் பார்த்து நிற்கின்றன. ஆகவே வல்டாவா ஆற்றில் படகில் போகிறவர்களுக்குக் கிடைப்பவை புனிதர்களின் பின்னந்தலைகள். இப்பாலத்தின் மிகப் பழைய சிலைகளுள் ஒன்றான நேபோமுக் யோவானை எடுத்துக்கொள்வோம். 1393-இல் இவரை ஆற்றில் எறிந்தார்கள். 1683-இல் வெண்கலமாகத் திரும்பிவந்து அதே ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். இவ்வளவு கண்ணியமான கோபத்தை வேறெங்கும் கண்டதில்லை. நடைபாதையில் போகிறவர்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள் என்றால் அதுவும் இல்லை. பீடத்தில் ஒரு வெண்கலப் பலகை; அதைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று குனிகிறார்கள். தொட்டுத் தொட்டு அவ்விடம் மட்டும் பொன்னாய் மின்னுகிறது. தகப்பன் குனிந்தார், தாய் குனிந்தார், குழந்தையின் கையைப் பிடித்துத் தேய்த்தார்கள். அடுத்திருந்த பலகையில் நாய் ஒன்று இருந்தது. மகள் அதைத் தொட்டாள். எது பலன் தருவது என்பதில் குடும்பம் பிளவுபட்டது (பாட்டி, பெருமூச்சு, திருத்திய பதிப்பு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இடது செருப்பைக் கழற்றிய நிலையில், இதன் பாடபேதம் மருமகளிடம் உள்ளது, அதில் செருப்பு வலது).

‘பழைய போகேமிய இனிப்பு’ என்று பலகை வைத்து, உருளையில் சுற்றிச் சுட்ட டிர்டெல்னிக் விற்கிறார்கள். பிராகில் இது தெருவெங்கும் பரவியது இந்த நூற்றாண்டில்தான். தொன்மையை நிறுவ ஒரு பலகை போதும் என்பதை அவர்கள் நம்மிடம் கற்றார்களா, நாம் அவர்களிடம் கற்றோமா என்பது தனி ஆய்வு. மகள் இரண்டு தின்றாள்.

கோட்டையில் நின்ற நேரம் குறைவு. 1618 மே 23 அன்று இங்குள்ள ஜன்னல் வழியாக இரு ஆளுநர்களையும் ஓர் எழுத்தரையும் வெளியே தூக்கிப் போட்டார்கள். முப்பதாண்டுப் போர் மூண்டது. மூவரும் பிழைத்தனர். அன்னை மரியாள் தாங்கினாள் என்றது ஒரு தரப்பு. சாணக்குவியல் தாங்கிற்று என்றது மறு தரப்பு. எழுத்தருக்குப் பிற்பாடு ‘உயரத்திலிருந்து வீழ்ந்தவர்’ எனப் பொருள்படும் பட்டமே வழங்கினார்கள். கருத்து வேறுபாட்டில் எதிர்த்தரப்பின் பின்னந்தலை கடைசியாக எந்தத் திசையில் தெரியும் என்பதற்கு இது தக்க சான்று. நம் கருத்தரங்கக் கூடங்களின் ஜன்னல்களுக்குக் கம்பி போட்டவர் வரலாறு படித்தவராக இருக்க வேண்டும். குடும்பம் அந்த ஜன்னலைப் பார்க்கவில்லை. முன்னால் அந்த உயரமானவர் நின்றார் (பாட்டி, பெருமூச்சு, இறுதிப் பதிப்பு, கோட்டைப் படிக்கட்டு, மேலிருந்து நான்காம் படி, உட்கார்ந்து, உடன் தாயின் உச்சுக்கொட்டல், மகளின் தோள்குலுக்கல் ஆகியன பின்னிணைப்பாக. தகப்பன் தரப்பு கிடைத்திலது, அவர் அடுத்த தெருவில் இருந்தார்).

இக்கட்டுரை மதிப்பீட்டாளர் இருவரின் பார்வைக்கு அனுப்பப்பட்டது. முதலாமவர் தலைப்பில் ஓர் ஒற்று மிகவேண்டும் என்றார். எங்கே என்று சொல்லவில்லை. இரண்டாமவர் கட்டுரையை ஏற்று, தம்முடைய ஆய்வு மேற்கோள் காட்டப்படாத குறையை மட்டும் சுட்டினார். அவரது ஆய்வு சங்க இலக்கியத்தில் சுண்டைக்காய் பற்றியது. குறை களையப்பட்டது: பிராக் நகரில் சுண்டைக்காய் காணப்படவில்லை (மேற்படியார், நூல் முழுவதும்).