சாயம் ஏறாத சாட்சி

கேள்வி: புரதத்தைக் காட்டுவதற்கென்று எதிர்ப்பொருளை விலைகொடுத்து வாங்கிவிட்டு, சாயம் ஏறாததையே முடிவாக எழுதுகிறார்களே, இது என்ன நியாயம்?

பதில்: புற்றுநோயியலின் நியாயம். கால்சியத்தின் துணையோடு அண்டைச் செல்களைப் பிணைக்கும் ஈ-கேடெரின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மார்பகத் திசுச் சீவலில் இட்டு, நொதியின் உதவியால் நிறமேற்றினால், பால்நாளப் புற்றுநோயில் செல்விளிம்புகள் பழுப்புக் கோடுகளாகத் துலங்குகின்றன. பால்மடல் புற்றுநோயிலோ அப்புரதம் பெரும்பாலும் தொலைந்துவிடுவதால், செல்கள் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல ஒட்டாமல் வரிசைகட்டி நிற்க, சாயமும் ஏறுவதில்லை. எதிர்ப்பொருள் கெட்டிருந்தாலும் இதே வெறுமைதான் தெரியும் என்பதால், அதே சீவலிலுள்ள இயல்பான நாளங்கள் பழுப்பேறியுள்ளனவா என்று நோயியல் மருத்துவர் முதலில் பார்த்துக்கொள்கிறார். அப்படியும், பால்மடல் வகையிலேயே சில, பிணைக்கும் திறனை இழந்த புரதத்தை வைத்துக்கொண்டு சாயத்தை மட்டும் ஏற்று, அவரைக் குழப்புவதுண்டு.