ட்ரெயினிங் சார்

காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வெயிலுக்குப் பொருந்தாத முழுக்கைச் சட்டை, இன் பண்ணிய பேன்ட், கழுத்தில் அடையாள அட்டை. கையில் சுருட்டிய சார்ட் ஒன்று. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் தூக்கி வரும் பிள்ளையைப் போல அதை மார்போடு அணைத்திருப்பார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, கண்ணு கசங்கிடும்" என்பார். பக்கத்தில் நிற்பவர் அவசரமாகத் தன் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். சார்ட்டில் இருப்பது மனிதக் கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றம். முந்தின ராத்திரி தங்கச்சி தூங்கி வழிந்துகொண்டே வரைந்தது.

வீட்டில் அவருக்குப் பெயர் உண்டு, கல்வியியல் கல்லூரியில் ரோல் நம்பர் உண்டு. பள்ளிக்கூடத்தில் மட்டும் 'ட்ரெயினிங் சார்'. பெண்ணாக இருந்தால் 'ட்ரெயினிங் மிஸ்'. முழுக்கைச் சட்டைக்குப் பதில் சேலை, மற்றபடி அதே சார்ட், அதே பஸ்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு அப்பா சொன்னார்: "ஒரு பி.எட். முடிச்சு வச்சுக்கோ. கையில ஒரு தொழில் இருக்கும்." "ஒரே வருஷம்தானேடா" என்று மாமாவும் ஒத்து ஊதினார். மாமாவின் கணக்கு பழசு. 2015-லிருந்தே அது இரண்டு வருஷம். அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தோடுதான் குடித்தனம். இது தெரிவதற்குள் ஃபீஸ் கட்டியாகிவிட்டது.

முதல் கண்டம் 'நுண்ணிலைக் கற்பித்தல்'. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களில் பிறந்த முறை. ஒரு சமயத்துக்கு ஒரே திறன், ஐந்தாறு நிமிடம், ஒரு கைப்பிடி மாணவர்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மாணவர்களாக உட்காருவது கூடப் படிக்கிறவர்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்த அக்கா ஏழாம் வகுப்பு மாணவி. தாடி வைத்த நண்பன் ஏழாம் வகுப்பு மாணவன். பாடத்தின் தலைப்பை ஆசிரியர் தாமாகச் சொல்லக் கூடாது, கேள்வி கேட்டு அவர்கள் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்பது விதி.

"காலையில் எழுந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?"

"செல்போன் சார்" என்கிறான் தாடி.

"அது இல்லாவிட்டால்?"

"சார்ஜர் சார்."

எப்படியோ சுற்றி வளைத்துச் சூரியனைப் பிடித்து, சூரியனிலிருந்து ஒளியைக் கறந்து, "மிக நன்று!" என்று முகம் மலர்ந்து கரும்பலகையில் 'ஒளி' என்று எழுதுகிறார். பின்வரிசைப் பேராசிரியர், "வலுவூட்டல் பத்தலைப்பா, ரீ-டீச் பண்ணு" என்கிறார். ரீ-டீச்சில் அது "மிக மிக நன்று!" ஆகிறது.

இரண்டாவது கண்டம் உளவியல். இது அவருக்கல்ல, வீட்டாருக்கு. பாவ்லோவின் நாய், தார்ண்டைக்கின் பூனை, கோலரின் சிம்பன்சி என்று ஒரு மிருகக்காட்சி சாலையே மூளைக்குள் வந்து உட்கார்ந்த பிறகு மனுஷர்கள் மனுஷர்களாகத் தெரிவதில்லை. குக்கர் விசில் கேட்டு அப்பா கையைக் கழுவப் போனால் அது ஆக்க நிலையுறுத்தம். அம்மா தங்கச்சிக்கு முறுக்கு கொடுத்தால் நேர்மறை வலுவூட்டல். ஒருநாள் உளவியலறிஞர் பியாஜேயைச் சோதிக்க அத்தை பையன் அகப்பட்டான், வயது ஐந்து. அகல டம்ளரில் இருந்த தண்ணீரை அவன் கண் முன்னாலேயே ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றி, "இப்போ எதுல அதிகம்?" என்றார் நம்மவர். உயரமானதைக் காட்டியிருந்தால் பியாஜே ஜெயித்திருப்பார். பையன் இரண்டையும் பார்த்துவிட்டு, "மாமா, ஜூஸ் எப்போ ஊத்துவீங்க?" என்றான். ரெக்கார்டில் பியாஜேயே ஜெயித்தார்.

ரெக்கார்டு என்றேன் இல்லையா? பி.எட். என்பதே அதுதான். பாடத்திட்ட ரெக்கார்டு, உளவியல் ரெக்கார்டு, தனியாள் ஆய்வு, செயலாய்வு என்று அடுக்கிவைத்தால் ஆள் மறைந்துவிடுவார். சீனியர் கொடுத்ததைப் பார்த்து எழுதுவது, சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. எழுத்துப்பிழைகூடத் தலைமுறை தாண்டி வரும். 2018-லும் 2019-லும் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் அடியோடு மாறின. சில ரெக்கார்டுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

பாடத்திட்ட ரெக்கார்டில் ஒரு பத்தி உண்டு, 'மாணவர் செயல்பாடு' என்று. வகுப்புக்குப் போவதற்கு முந்தின ராத்திரியே அதில் எழுதிவிட வேண்டும்: 'மாணவர்கள் ஆர்வத்துடன் கவனிக்கின்றனர்.' ஜோசியர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. வேலைக்குக் குறைவில்லை. பிரேயரில் வரிசையை நேராக்க ட்ரெயினிங் சார். பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்ற ட்ரெயினிங் சார். எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்பை 'சும்மா பார்த்துக்க' ட்ரெயினிங் சார். இதற்கு நடுவில் ஒருநாள் வழிகாட்டி ஆசிரியர் பெரிய மனது பண்ணி, "எட்டாவது பி, மத்தியானம் முதல் பீரியடு, ஒளிவிலகல் எடுத்துக்கங்க தம்பி" என்றார். சத்துணவு முடிந்த முதல் பீரியடு. அனுபவஸ்தர்கள் யாரும் விரும்பி ஏற்காத நேரம்.

டம்ளரில் தண்ணீர், தண்ணீரில் பென்சில். "பென்சில் எப்படித் தெரிகிறது?" பாதி வகுப்பு தூங்குகிறது. மீதி பாதிக்கு அது யார் பென்சில் என்பதில் தகராறு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சார், கெணத்துலயும் அப்படித்தான் சார். மேல நின்னு பாத்தா தரை கிட்டத்துல தெரியும். நம்பிக் குதிச்சா காலுக்கு எட்டாது."

"ஆமா சார், போன வருஷம் இவன் தண்ணி குடிச்சான் சார்!"

வகுப்பு முழித்துக்கொண்டது. எந்தக் கிணறு, எத்தனை ஆள் ஆழம், யார் முதலில் குதித்தது என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். நம்மவர் பாடத்திட்டத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பலகையில் ஒரு கிணறு வரைந்தார். தரையிலிருந்து ஒரு கோடு, நீர்மட்டத்தில் வளைந்து பையன் கண்ணுக்கு வந்தது. தோற்ற ஆழம், உண்மை ஆழம் இரண்டையும் பையன்களே குறித்தார்கள். மணி அடித்தபோது சார்ட் சுருட்டியபடியே கிடந்தது. "மிக நன்று" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

சாயந்திரம் வழிகாட்டி ஆசிரியர் பார்த்தார். "கிணறு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பிளான்ல இல்லையே? சார்ட்டும் காட்டலையே?" ஆகவே ரெக்கார்டின்படி அன்று எட்டாவது பி-யில் சார்ட் காட்டப்பட்டது. மாணவர்கள் ஆர்வத்துடன் கவனித்தனர். கிணறு எதுவும் இல்லை.

இதெல்லாம் முடிந்து பட்டம் வாங்கினால் ஆசிரியராகிவிடலாம் என்று மாமா இன்னும் நம்புகிறார். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்க ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. 2012-இல் தமிழ்நாட்டின் முதல் டெட்டை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். ஒன்றரை மணி நேரம் பத்தவில்லை என்று எல்லோரும் அலறியதில் அடுத்த தேர்வு மூன்று மணி நேரமானது. டெட் தேறினாலும் வேலை இல்லை; அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு தனி.

ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்டாஃப் ரூமில் அவருக்கு ஒரு நாற்காலி போடுகிறார்கள். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் பாக்கி இருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அந்த மாதம்தான். மறுவாரமே வழிகாட்டி ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்து, சுற்றுமுற்றும் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "தம்பி, சைக்காலஜி நோட்ஸ் இருக்கா? பியாஜே கொஞ்சம் உதைக்குது."

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். டி.வி., மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் வரும் தெர்மோகோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் தெருவிலேயே ஒரு ட்ரெயினிங் சார் கட்டாயம் இருப்பார்; அவருக்கு நாளைக்குள் ஒரு எரிமலை செய்தாக வேண்டும்.