ஏர் பிடித்த பெயர்

கேள்வி: பேத்திக்கு 'சீதா' என்று பெயர் வைக்க ஆசை. 'கஷ்டப்பட்டவள் பெயர் வேண்டாம்' என்கிறார்கள் வீட்டில். என்ன சொல்வது?

பதில்: வனவாசம் போவதற்கு முன்பே வயலில் இறங்கிவிட்ட பெயரம்மா அது! சமஸ்கிருதத்தில் 'சீதா' என்றால் ஏர் ஓடிய சால். கொழு கிழித்த இடத்தில், விதைக்குக் காத்திருக்கும் ஈர மண். ரிக் வேதத்தின் 4ஆம் மண்டலத்திலேயே விளைச்சல் கேட்டு சீதையை வேண்டுகிறார்கள். அர்த்தசாஸ்திரத்தில் வேளாண்மை அதிகாரியின் பதவிப் பெயரே 'சீதாத்யக்ஷர்'! ஜனகர் உழுதபோது கிடைத்த குழந்தைக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? ஜானகி அப்பா வழி வந்தது. மைதிலி, வைதேகி ஊரும் நாடும் தந்தவை. சீதா மட்டும்தான் மண் கொடுத்த பெயர். ஊருக்கே சோறு போடும் பெயர். தயங்காமல் வையுங்கள், சுருக்காமல் வாய் நிறையக் கூப்பிடுங்கள்!