சைலன்சருக்கு ஞாயிறு விடுமுறை

அன்புள்ள அண்ணா,

"ஒரு சைலன்சர் மாத்த ஒரு மாசமாடா? நம்ம பட்டறையா இருந்தா டீ ஆறறதுக்குள்ள முடிச்சிருப்பேன்"னு வாய்ஸ் மெசேஜ்ல சிரிச்சீங்க. பின்னாடி அண்ணி சிரிச்சதும் கேட்டுச்சு. நாமக்கல்லுல முடிச்சிருப்பீங்க, மறுக்கல. இங்க ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து ஒரு போல்ட்டைக் கழட்டிப் பாருங்க. அதுவும் ஞாயித்துக்கிழமை.

வண்டி 2004 மாடல். பனிக்காலத்துல இங்க ரோடெல்லாம் உப்புப் போடறாங்க, அது அடியில பூரா ஏறுது. வெளியில உப்புன்னா உள்ள தண்ணி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா அந்தக் குழாய் வழியாத்தான் போகுது. சேலம் வரைக்கும் ஓடற வண்டின்னா சூட்டுலயே காஞ்சிடும். எனக்கு ஆலை 4 கிலோமீட்டர். சைலன்சர் சூடாகறதுக்குள்ள ஆலை கேட் வந்துடும். தண்ணி அங்கேயே தங்கிப் பின் டப்பாவை உள்ளிருந்து தின்னுடுச்சு. வெல்டிங் வைக்க வேண்டியதுதானேம்பீங்க. வெல்டிங் வைக்க இரும்பு மிஞ்சணுமே!

ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நடக்கற ஆய்வுல தள்ளிட்டாங்க. ஒரு மாசத்துல சரி பண்ணிக் காட்டணும். இங்கத்த பட்டறைக்காரர் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். அதோட, உங்க தம்பி கூலி குடுத்து சைலன்சர் மாத்தினான்னு ஊர்ல பேச்சு வேண்டாம்னு நானே இறங்கினேன்.

வார நாள்ல ஷிப்ட் முடிஞ்சு வந்தா இருட்டு. சனிக்கிழமை ஓவர்டைம். மிச்சம் ஞாயிறுதான், அன்னிக்குச் சத்தம் போடக் கூடாது. சுத்தி, டிரில், புல்லு வெட்டற மெஷின், எதுவும் ஆகாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில போடறதும் குத்தம், 'கிளிங்'னு கேக்குமாம். வீட்டுக்காரம்மா வம்புன்னு நெனச்சேன். இல்லீங்க, 1919ல எழுதின வைமார் அரசியல் சட்டத்துலயே, 139ஆம் பிரிவுல, ஞாயிறு ஓய்வு நாள்னு இருக்கு. 1949ல புதுச் சட்டம் எழுதினப்பவும் அந்தப் பிரிவை விடாம எடுத்து வெச்சுக்கிட்டாங்க. ஆகக்கூடி என் துருப்பிடிச்ச கிளாம்ப் போல்ட்டு ஒரு தேசத்தோட அரசியல் சட்டத்தை எதிர்த்து நின்னுச்சு.

ஓட்டை டப்பாவோட டிராக்டர் மாதிரி நான் தெருவுல போனா கேக்க ஆளில்லை. அந்தச் சத்தத்தை நிறுத்த ரெண்டு தட்டு தட்டினா ஜன்னல் திறக்குது.

சரி, சத்தமில்லாத வேலையா பாத்தேன். துரு எண்ணெய் அடிச்சேன். சோப்புத் தண்ணி போட்டு ரப்பர் மாட்டியை வழுக்கி எடுத்தேன். சுத்திக்குப் பழைய வேட்டியைச் சுத்தி அடிச்சேன், வேட்டிதான் கிழிஞ்சுது. ரம்பத்தால அறுக்கலாமான்னு அந்தம்மாகிட்ட போய்க் கேட்டேன். கண்ணாடியைப் போட்டு வீட்டு விதித்தாளை மேலேயிருந்து கீழே வாசிச்சாங்க. ரம்பம் பத்தி ஒண்ணுமில்லை. கம்பளம் தட்டறதுக்கு மட்டும் ஒரு பத்தி இருக்கு. எதுக்கும் திங்கக்கிழமை அறுங்கன்னு சொல்லி ஒரு துண்டு கேக் குடுத்தாங்க.

கடைசியில ஆலையில லீவு போட்டேன், ஒரு செவ்வாய்க்கிழமை. ஓங்கி ஓங்கி அடிச்சேன் அண்ணா. போல்ட்டு உடைஞ்ச பிறகும் அடிச்சேன். கிரைண்டரும் கம்ப்ரசரும் லாரி பாடி கட்டற அடியும் கேட்டுக்கிட்டே தூங்கின ஆளு நான். இங்க ராத்திரி தூக்கம் வராததுக்கு டாக்டர் என்னென்னமோ காரணம் சொல்றார். அடியில லயிச்சுக் கிடந்தப்ப மணி 1 ஆச்சு. எங்க வீட்டு விதிப்படி 3 மணி வரைக்கும் மதிய ஓய்வு. வண்டிக்கு அடியிலயே படுத்திருந்தேன்.

மாட்டி முடிச்சாச்சு. எல்லாம் நேரா உக்காந்த பிறகுதான் கிளாம்ப்பை முறுக்கினேன், நீங்க சொல்ற மாதிரியே. வாலுல துணி அடைச்சுப் பாத்தேன், ஒரு இடத்துலயும் கசியல. ஆய்வுக்காரர் கீழே குனிஞ்சு பாத்துட்டு, எந்தப் பட்டறைன்னு கேட்டார். அண்ணன் பட்டறைன்னேன்.

போட்டோ அனுப்பியிருக்கேன். சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கற பழைய டப்பாவைப் பாத்ததும் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போச்சுன்னு அம்மா கேப்பாங்க. இங்கத்த கிடங்குல சும்மாதான் குடுத்துட்டு வந்தேன். அதை நீங்களே பக்குவமா சொல்லிடுங்க.

உங்கள் தம்பி