தடி டயர் போடப் போற நைனாவுக்கு

வா நைனா, குந்து. பழைய கிளாசிக் 350க்கு பின்னாடி 130 டயரு மாட்டப் போறியாமே? தேரடி டீக்கடைல பேசிக்கினாங்க. சந்தோசம். பின்னாடி வர்றவன் உன் டயர பாத்து வாயப் பொளக்கணும், அதானே? எண்ணூர் ரோட்டுல உன் பின்னாடி வர்றது கன்டெய்னர் லாரி. அவன் குந்தினு கீற ஒசரத்துக்கு உன் தலையே பாதி தான் தெரியும், டயரு எங்கேந்து தெரியும்?

இந்த ஊருக்கு வண்டியும் புதுசில்ல, டயரும் புதுசில்ல. 1955ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனி வந்துச்சி, அப்பறம் நம்ம ஊர் புல்லட்டு பொறந்ததே திருவொற்றியூர்ல தான். எம்.ஆர்.எஃப். கதையும் அப்படித்தான். 1946ல இதே ஊர்ல ஒரு கொட்டாயில விளையாட்டு பலூன் செஞ்சி ஆரம்பிச்சாங்க, டயரு போட்டது 1961ல. பலூன்லேந்து டயருக்கு வர அவங்களுக்கே பதினஞ்சு வருசம் புடிச்சிது. நீ ராத்திரி ஒரு வீடியோ பாத்த, காலைல கெளம்பிட்ட.

அந்தக் காலத்து புல்லட்டுக்கு முன்னயும் பின்னயும் 3.25-19 தான். மூணேகால் இன்ச்சி, 82 மில்லிக்கு மேல கொஞ்சம். அத்த வச்சிக்கினே பொஞ்சாதி, ரெண்டு புள்ள, மீன் கூடைன்னு எல்லாத்தையும் ஏத்திக்கினு போனாங்க. சரி, அத்த வுடு. உன் வண்டிக்கு வருவோம்.

கம்பெனி உனக்கு குடுத்தது 110/90-18. மொத நம்பரு அகலம், மில்லி கணக்குல. ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தினி பங்கு ஒசரம்னு. உன் டயரு பக்கச்சுவரு 99 மில்லி. 120/80 போட்டா 96. அகலம் பக்கத்துக்கு 5 மில்லி கூடும், ஒசரம் 3 மில்லி கொறையும். 2021ல வந்த புது கிளாசிக்குக்கு கம்பெனியே இந்த சைஸ் தான் குடுக்கறான். நீ கேக்கற 130/80 இருக்கே, அதோட ஒசரம் 104. பக்கத்துக்கு 10 மில்லி செயின நெருங்கும், மேல 5 மில்லி மட்கார்ட நெருங்கும். அதுவும் காயிதக் கணக்கு தான். ஒரே 130, கம்பெனிக்குக் கம்பெனி முன்ன பின்ன இருக்கும். ரிம்ம மாத்தாம ஏத்தினா இன்னொரு கூத்து. ஒடுங்கின ரிம்மு டயரோட ஓரத்த இறுக்கிப் புடிக்கும், நடு முதுகு கூன் போடும். பாக்கத்தான் தடி, ரோட்ல ஒட்டறது நடுப்பட்டை மட்டும். துட்டு குடுத்து கூன் வாங்கற மொத ஆளு நீ தான்.

"அளந்துட்டேன் தாத்தா"ன்னு வேற வந்து நிப்ப. எப்படி அளந்த? சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயினுக்கும் டயருக்கும் நடுவுல விரல வுட்டுப் பாத்திருப்ப. ஸ்டாண்டுல நிக்கறப்ப எந்த வண்டியும் மாமியார் வூட்டுக்கு வந்த மொத நாள் மாப்புள மாதிரி பதவிசா தான் நிக்கும். மச்சான பின்னாடி ஏத்திக்கினு, லாரி அமுக்கிப் போட்ட பள்ளத்துல எறங்கறப்ப இல்ல அதோட சுயரூபம் தெரியும்! அவன் கனத்த நான் வேற சொல்லணுமா?

இப்ப கீற டயர வச்சே அள. சக்கரம் தொங்கறப்ப ஆக்சில் எங்க கீதுன்னு குறிச்சிக்க. ரெண்டு ஷாக் அப்சார்பரோட கீழ் போல்ட்டையும் கழட்டு. உன் வண்டில பின் சக்கரம் மேல கீழ போறது 80 மில்லி. அந்த அளவு தூக்கி, அடில கட்டைய குடுத்துட்டு, மட்கார்டுக்குள்ள டார்ச் அடிச்சிப் பாரு. தகட்ட மட்டும் பாக்காத, போல்ட்டு மூக்கு நீட்டினு இருக்கும், லைட்டு ஒயரு கிளிப்புல ஓடும். டயரு மொதல்ல கடிக்கறது அந்த ஒயரத்தான். டெயில் லைட்டு செத்துப் போய் ராத்திரில கன்டெய்னருக்கு முன்னாடி போனின்னா, டயரு இன்னா, நீயே அவனுக்குத் தெரிய மாட்ட.

செயினையும் பாரு. தேஞ்சி நீண்ட செயினுக்கு ஆக்சில பின்னாடி தள்ளி வச்சிருப்ப, ஸ்விங் ஆர்ம் குறுக்குக் கட்டைக்கு முன்னால எடம் தாராளமா தெரியும். புது செயின் மாட்டின அன்னிக்கு சக்கரம் முன்னால வந்துரும். அதனால ஆக்சில நல்லா முன்னால தள்ளிட்டு அள. வர்ற அளவுல பக்கத்துக்கு 10, மேலயும் முன்னாலயும் 5 கழி. மிச்சத்துல சுண்டு விரலு தாராளமா போவணும். நம்ப பக்கம் உப்புக் காத்து, தகடு துரு புடிச்சி உப்பும். மழைல சேறு அப்பிக்கும். அதுக்கும் எடம் வேணுமே.

எடம் பத்தலன்னா வாஷர் போட்டு சக்கரத்த ஒரு பக்கமா தள்ளலாம்பான் ஒருத்தன். முன் சக்கரம் மணலிக்குப் போவும், பின் சக்கரம் ராயபுரத்துக்குப் போவும். இன்னொருத்தன் செயின் கவர கழட்டி எறிம்பான். பொடவ கட்டினவங்க பின்னாடி குந்துவாங்கன்னு தான் அந்தக் கவரும் சாரி கார்டும். உனக்கு கல்யாணம் ஆவணுமா வேணாவா?

கணக்கு சரியா வந்து மாட்டிட்டன்னா, அப்பவும் ஒரு சாக்பீஸ் எடு. செயின் கவர் உள்பக்கம், ஸ்விங் ஆர்ம் ரெண்டு பக்கம், பிரேக் ராடு, எல்லாத்துலயும் பட்டையா தேய். மச்சானோட தண்டையார்பேட்ட வரைக்கும் போய்ட்டு வா. வெள்ள அழிஞ்ச எடத்துல டயரு உரசுது. மழ நாள்ல செஞ்சிட்டு, எல்லா எடத்துலயும் அழிஞ்சிருச்சின்னு என்னாண்ட வந்து ஒப்பாரி வைக்காத.

டயரு உரசறதுக்குன்னே ஒரு எடம் கீது, காசிமேடு. அங்க படகு விலாவுல கட்டித் தொங்க வுட்டிருப்பாங்க. ஓரம் கிழிஞ்சா உன் 130ம் அங்க தான் போய்ச் சேரும்.

என்ன கேட்டா 120/80, அதுவும் அளந்துட்டு. இல்ல, 130 தான்னு அடம் புடிச்சா, துட்டு குடுக்கறதுக்கு முன்னாடி கடைக்காரர் கிட்ட "சேரலன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா"ன்னு ஒரு வார்த்த கேளு. லிவர் போட்டு ரிம்முல ஏத்தின டயர புதுசுன்னு எவனும் திருப்பி வாங்க மாட்டான்.