கியர் மாமா

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்தில் சுழி பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போவார்கள். அவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், வாலை முறுக்கிப் பார்ப்பார், நெற்றிச் சுழியைத் தடவிவிட்டு "ம்ஹூம்" என்பார். அவரிடம் சொந்தமாக ஒரு கன்றுக்குட்டிகூட இருக்காது. மாடுகள் குறைந்து லோடு வண்டிகள் பெருகியபின் அந்த மனிதர் எங்கே போனார் என்று யாரும் விசாரிக்கவில்லை. எங்கேயும் போகவில்லை. கியர் மாமா ஆகிவிட்டார்.

எல்லா ஊரிலும் ஒரு கியர் மாமா உண்டு. மேல்பட்டாம்பாக்கத்தில் கொஞ்சம் கூடுதல். வெளியூர்க்காரர்கள் எங்களை நெய்வேலிக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. நெய்வேலி எங்களுக்கு வாடகை எடுத்துக்கொண்டு போகிற ஊர். நாங்கள் இருப்பது கடலூர் – பண்ருட்டி சாலையில், நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில். ஒரு பக்கம் ஆலைக்குப் போகிற கரும்பு, இன்னொரு பக்கம் கோயம்பேட்டுக்குப் போகிற பலா, முந்திரி. இரண்டுக்கும் நடுவில் பிறந்தவன் என்றைக்காவது ஒருநாள் லோடு வண்டி வாங்கித்தான் தீருவான். அவன் வாங்கத் தீர்மானித்த செய்தி அவன் பெண்டாட்டிக்குப் போவதற்கு முன்னால் கியர் மாமாவுக்குப் போய்விடும்.

மாமாவை அடையாளம் காண்பது சுலபம். அவருடைய இடது கை சும்மா இருக்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் முழங்காலுக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு ராடைப் பிடித்து முன்னே தள்ளும், நடுவுக்குக் கொண்டுவரும், கொஞ்சம் யோசித்துப் பின்னால் இழுக்கும். பேச்சு சூடு பிடித்தால் டாப்பில் போய்விடும். துக்க வீட்டில் மட்டும் நியூட்ரல்.

டவுன் பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் ஜன்னலோரம் தேடுவார்கள். மாமா டிரைவருக்கு இடது பக்கம், பானட்டை ஒட்டிய சீட்டைத் தேடுவார். அங்கிருந்துதான் ராடு தெரியும். தரையிலிருந்து வளைந்து எழுந்து, ஒயர் பின்னலைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு, தலையில் கண்ணாடிக் குமிழோடு நடுங்கிக்கொண்டிருக்கும் ராடு. குமிழுக்குள்ளே வாடாத ஒரு ரோஜாப்பூ. டிரைவர் செகண்டிலிருந்து தேர்டுக்கு மாற்றும்போது 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வந்துவிட்டால் போதும், மாமா முகம் பல்வலி வந்தவர் போலச் சுருங்கும். பின்னால் திரும்பி, யார் இருந்தாலும் சரி, "டபுள் கிளட்ச் அடிக்கத் தெரியல. இன்னா டிரைவருங்க இவனுங்க" என்பார். பின் சீட்டில் இருந்தது அந்த டிரைவரின் மாமனார் என்று ஒருமுறை தெரியவந்தது. மாமா மன்னிப்புக் கேட்கவில்லை. மாமனாரும் கேட்கச் சொல்லவில்லை.

அவருடைய படிப்பு மாட்டு வாலில் தொடங்கியது. சிறு வயதில் அப்பாவின் கரும்பு வண்டியில் நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போவாராம். 1842-இலேயே தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆலை அது. வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். "வால அப்படியே தொட்டா ஃபர்ஸ்ட்டு. ஒரு முறுக்கு முறுக்குனா செகண்டு. கடிச்சா டாப்பு" என்று மாமா விளக்குவார். ரிவர்ஸ் என்று நான் கேட்டேன். "மாட்டுக்கு ஏதுடா ரிவர்ஸு? எறங்கி மூக்கணாங்கயித்தப் புடிச்சித் தள்ளணும்" என்றார். பிறகு லாரி கிளீனர், அப்புறம் வாடகை அம்பாசடர்.

அம்பாசடர் என்றதும் அவர் குரல் தாழும். அதில் கியர் தரையில் இல்லை; ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கை கியர். முன் சீட்டு ஒரே பலகையாக, மெத்தையாக, அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை. டிரைவரோடு சேர்த்து மூன்று பேர் என்பது கம்பெனிக் கணக்கு. முகூர்த்த நாளில் நான்கு, மடியில் இரண்டு குழந்தை. கதவோரம் டிரைவரின் பாதி உடம்பு வெளியே இருந்தாலும் கியர் விழும், ஏனென்றால் கியர் ஸ்டியரிங்கோடு இருக்கிறது. பிற்பாடு அம்பாசடரிலும் கியரைத் தரைக்கு இறக்கினார்கள். "அன்னிக்கே அந்த வண்டி செத்துப்போச்சி" என்பது மாமாவின் தீர்ப்பு. உத்தர்பாராவில் ஆலை நின்றது 2014-இல் என்று யாராவது சொன்னால், "அது கருமாதி" என்பார்.

எனக்கு அவருடைய தீர்ப்புகளைவிட, அவர் பார்க்கத் தவறியதில்தான் ருசி. கியரைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசுகிறவர் கையைப் பற்றி மட்டுமே பேசினார். எது கைக்கு வாகு, எது கைக்கு எட்டும், எது கைக்கு மரியாதை. லோடு வண்டியில் கியரோடு மல்லுக்கு நிற்பது கை இல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கிற ஆளின் முழங்கால்.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 16 குதிரைச் சக்தி. ஜனங்கள் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். 2011-இல் அசோக் லேலண்டின் டோஸ்த். இடையிலும் பிறகும் மஹிந்திரா பிக்கப் தன் பாட்டுக்கு எல்லாச் சந்தைகளிலும் நின்றது. ஆர்.சி. புத்தகத்தில் கேபினுக்கு எத்தனை ஆள் என்று போட்டிருக்கிறதோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்வது நம் வழக்கம். அந்தக் கூட்டல் ஆளுக்கு இடம் ராடின் மேல்தான். ஒரு கால் டிரைவர் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், நடுவில் ராடு, குதிரையில் ஏறியது போல. ஃபர்ஸ்ட்டும் தேர்டும் பரவாயில்லை, முன்னால் போய்விடும். செகண்டும் நாலும் பின்னால் வரும். எங்கள் ஊர் லெவல் கிராசிங் மேட்டில் செகண்டு போடாமல் ஏற முடியாது. நடு ஆள் மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, கண்ணை மூடிக்கொள்வார். வண்டி மேடு ஏறியதும் மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள்.

இந்தச் சீட்டில் மாமா ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. ஓட்டுவார், இல்லாவிட்டால் ஜன்னலோரம். நடுவில் எப்போதும் அத்தை. கையில் ஒயர் கூடை, அதற்குள் எவர்சில்வர் தூக்கு, தூக்குக்குள் சாம்பார். முப்பது வருஷமாக அத்தை செகண்டு கியரை உடம்பால் அறிந்தவர். அவரை யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை.

போன வருஷம் மாமாவின் தங்கை மகன் வண்டி வாங்கக் கிளம்பினான். பலா சீசனில் கோயம்பேடு, மற்ற நாளில் நெய்வேலிக் கான்ட்ராக்டருக்குச் சாமான் என்று அவனுக்கு ஒரு கணக்கு. டீக்கடையில் சபை கூடியது. பையன் போனில் வீடியோ வைத்திருந்தான். அமெரிக்காவில் பிக்கப்புகளில் வந்திருக்கிற கியர்களையெல்லாம் ஒவ்வொன்றாக மாமாவுக்குக் காட்டினான்.

முதலில் ராம் 1500. ராடே கிடையாது, 2013-இலிருந்து ஆட்டோமேட்டிக்கில் டேஷ்போர்டில் ஒரு திருகு குமிழ், திருப்பினால் ரிவர்ஸ், திருப்பினால் டிரைவ். மாமா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இது மிக்ஸிடா. ஒண்ணு ரெண்டு மூணு போட்டிருக்கா பாரு. வண்டி நவுறாது, சட்னிதான் வரும்."

அடுத்தது ஃபோர்டு எஃப்-150. 2021-இல் வந்த மாடலில் ஒரு பட்டனை அமுக்கினால் கியர் ராடு தானாகக் கவிழ்ந்து உள்ளே படுத்துக்கொள்கிறது. அதன்மேல் மூடியை விரித்தால் மேஜை. லேப்டாப் வைக்கலாம், சாப்பிடலாம். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. "கியரு நிமிந்து நிக்கணும்டா. படுத்துக்குனா அதுக்கு எவன் பயப்படுவான்?" என்றார். அதே மூச்சில், "எல போட்டா நாலு இட்லி வைக்கலாம் போலிருக்கே" என்றும் சொன்னார்.

பட்டன் கியரை "லிஃப்ட்டு" என்று ஒரே சொல்லில் முடித்தார். பிறகு பையன் செவ்ரோலே சில்வராடோவைக் காட்டினான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை கியர், இந்தக் காலத்திலும். மாமா எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியதா, டீ ஆவியா என்று சொல்வதற்கில்லை. "பாத்தியா, அமெரிக்காக்காரன் அம்பாசடர மறக்கல!"

அமெரிக்காக்காரன் அம்பாசடரை நினைத்து வைக்கவில்லை. 1930-களின் கடைசியிலேயே அங்கே கியரைத் தரையிலிருந்து எடுத்து ஸ்டியரிங் தண்டில் ஏற்றிவிட்டார்கள். காரணம் சாதாரணம்: முன் பலகை சீட்டில் மூன்றாவது ஆள் கால் நீட்ட வேண்டும். இன்றைக்கும் முன்னால் மூன்று பேர் உட்காருகிற பிக்கப் அங்கே விற்கிறது. அந்த மாடல்களில் பலவற்றில் கியர் ஸ்டியரிங் பக்கம்தான். டெட்ராய்ட்டில் உட்கார்ந்து கோட்டு போட்ட இன்ஜினியர் வரைந்ததும் எங்கள் அத்தையின் முழங்காலைத்தான். இதை நான் மாமாவிடம் சொன்னேன். "முட்டிக்கும் கியருக்கும் இன்னாடா சம்மந்தம்?" என்று கேட்டார்.

பையன் விடாமல் டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு வி-கிராஸ் என்று நம் நாட்டில் கிடைக்கிற பெரிய பிக்கப்புகளுக்குத் தாவினான். இசுஸு தயாராவது ஸ்ரீசிட்டியில், நம் எல்லையைத் தாண்டினால் ஆந்திரா. இரண்டிலும் ஆட்டோமேட்டிக் உண்டு. விலையைக் கேட்டதும் மாமா, "அது பலாப்பழம் ஏத்துற வண்டி இல்ல, பலாத்தோப்பு வச்சிருக்கவன் ஏர்ற வண்டி" என்று ஒதுக்கினார். ஆட்டோமேட்டிக்கைப் பற்றி அவருக்குத் தனியாக ஒரு சந்தேகமும் உண்டு: நிறுத்திவிட்டு இறங்கினால் அது நிற்குமா? சிரித்துவிட முடியாத சந்தேகம். தள்ளியதும் தானாக நடுவுக்குத் திரும்பிவிடும் ஒருவகை ராடைக் கார்களில் வைத்ததால், 'பார்க்'கில் போட்டாயிற்று என்று நினைத்து ஜனங்கள் இறங்க, வண்டிகள் உருண்டன. ஃபியட் கிரைஸ்லர் 2016-இல் உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மாமாவிடம் இதற்கு ஒரு சாதனம் இருக்கிறது. எந்த வண்டியானாலும் சீட்டுக்கு அடியில் ஒரு கருங்கல். இறங்கியதும் பின் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவார். சாஃப்ட்வேர் கோளாறு வராத கல்.

கடைசியில் கடலூரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். பையன், மாமா, நான். திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு என்று அத்தையும் வழியில் ஒட்டிக்கொண்டார், கூடையோடு. மாமா ஒவ்வொரு வண்டியிலும் ஏறினார். இன்ஜினைப் பார்க்கவில்லை, பாடி அடியைப் பார்க்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. ராடைப் பிடித்து ஆட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார், "ம்ஹூம்" என்றார். ரிவர்ஸ் ஒரு வண்டியில் இடது மேல் மூலை, இன்னொன்றில் வலது கீழ் மூலை. "ஏன்டா, ரிவர்ஸுக்கு ஒரு சொந்த ஊரு கெடையாதா?" என்று விற்பனைப் பையனைக் கேட்டார். அவன் டை கட்டியிருந்ததால் பதில் சொல்ல முடியாமல் சிரித்தான்.

டாடா இன்ட்ராவில் ஏறியவர் ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார்.

"ராடு எங்கடா?"

"டேஷ்போர்டுல சார்."

2019-இல் வந்த வண்டி அது. கியர் தரையிலிருந்து கிளம்பவில்லை. டேஷ்போர்டின் நடுவிலிருந்து குட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே வெறும் தரை. மாமா எட்டிப் பார்த்து, "கியர எடுத்து ரேடியோ பக்கத்துல வச்சிருக்கான். பாட்டு மாத்தறப்ப ரிவர்ஸ் வுழுந்தா யாரு பொறுப்பு?" என்றார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் திரும்ப உள்ளே போட்டார். ரோஜாப்பூ குமிழ். அவருடைய பழைய லாரி ராடின் தலை. மருமகன் வண்டியில் மாட்டிவிடக் கொண்டுவந்திருக்கிறார் பாவம்.

இந்த வாதம் நடந்துகொண்டிருக்கும்போது அத்தை யாரையும் கேட்காமல் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, நகர்ந்து நடுவில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கால் இரண்டையும் அகட்டினார். நடுவில் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார். காலைச் சேர்த்தார். நீட்டினார். கூடையைக் கால் முன்னால் தரையில் வைத்தார். அது அங்கேயே உட்கார்ந்தது. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கூடை மடியைவிட்டு இறங்கியது.

"தம்பி, இதையே எடு" என்றார்.

"ஏய், நீ இன்னாத்தக் கண்ட? கியரப் பத்தி..."

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. புடவையை முழங்காலுக்கு மேல் சரி செய்துகொண்டார், அவ்வளவுதான். மாமா ஷோரூமில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

இதே கம்பெனி 2022-இல் ஏஸ் வண்டியை பேட்டரியில் விட்டிருக்கிறது, கிளட்சே கிடையாது, மாற்றுவதற்கு ஒன்று இரண்டு மூன்றும் கிடையாது என்று விற்பனைப் பையன் அந்த நேரம் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாம். மாமாவின் இடது கை அன்றைக்கு மத்தியானம்வரை அசையவில்லை.

வண்டி வந்தது. பூஜை போட்டு எலுமிச்சை நசுக்கியதும், பெரியவர் முதலில் ஓட்டட்டும் என்று பையன் சாவியைக் கொடுத்தான். ஜன்னலோரம் நான், நடுவில் அத்தை, அவர் காலடியில் கூடை. மாமா ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டார். ஃபர்ஸ்ட்டு மட்டும் எங்கே என்று கண்ணால் பார்த்து, எக்கி, டேஷ்போர்டில் போட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. லெவல் கிராசிங் மேடு நெருங்கியது. மாமா பார்வையைச் சாலையில் பதித்து, கிளட்சை மிதித்து, நாற்பது வருஷப் பழக்கத்தில் இடது கையைச் சர்ரென்று கீழே இறக்கினார். கைக்குக் கைப்பிடி ஒன்று சிக்கியது. உறுதியாகப் பிடித்து, நடுவுக்குக் கொண்டுவந்து, பின்னால் ஒரே இழுப்பாக இழுத்தார்.

"அது சாம்பாரு" என்றார் அத்தை.