கால்குலஸுக்குக் கதவு எட்டாம் வகுப்பில்

கேள்வி: அமெரிக்கப் புறநகர் அரசுப் பள்ளிகளில்தான் கால்குலஸ் வரை சொல்லித் தருகிறார்களே, இன்னும் என்ன குறை?

பதில்: மாடியில் அறை இருக்கிறது, ஏணியை யாருக்குக் கொடுக்கிறார்கள்? அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய பாதியில் கால்குலஸே கிடையாது. அந்த வகையில் புறநகர்ப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்தான். ஆனால் அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ் என்று வருஷத்துக்கு ஒரு படி. முதல் படியை எட்டாம் வகுப்பிலேயே ஏறியவர்தான் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸைத் தொடுவார். ஒன்பதில் தொடங்கியவர் கோடை வகுப்புக்குப் போயோ, ஒரே ஆண்டில் இரண்டு கணக்குப் பாடம் எடுத்தோதான் ஈடுகட்ட வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று பெரியவர்கள் எடுக்கும் முடிவு அதன் பொறியியல் கனவு வரைக்கும் நீள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. எல்லோரையும் ஏற்றிவிட்டால் தரம் கெடாதா என்பார்கள். எல்லோரையும் ஏற்றச் சொல்லவில்லை. மதிப்பெண் எடுத்தவரை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். டெக்சாஸ் 2023-இல் சட்டமே போட்டது: ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் முதல் 40 சதவீதத்துக்குள் வந்தால், ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணக்குப் பாதையில் தானாகவே சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் போய்க் கேட்டு வாங்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும்.